புதுப்பிப்பு: மழை வந்தால் குளியலறையில் சாக்கடைத் தண்ணீர்

சென்னையில் எங்கள் வீட்டில் மழை வலுத்தாலே தரைத்தளக் குளியலறையில் சாக்கடைத் தண்ணீர் ஏறுகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

பிளம்பர் வாசல் சேம்பரை (வீட்டுக் கழிவுநீர் தெருக்குழாய்க்குப் போகும் வழியில் உள்ள மூடி போட்ட தொட்டி) திறந்து வைத்துவிட்டு, மொட்டைமாடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதே தண்ணீர் சேம்பருக்குள் கொட்டியது! வீடு கட்டியவர் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் இணைப்பிலேயே சேர்த்துவிட்டிருக்கிறார். தெருக்குழாய் நிரம்பியதும் போக வழியில்லாமல் தாழ்வான இடத்தில் எதிர்த்து ஏறியிருக்கிறது.

குழாயைப் பிரித்து மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பியாயிற்று. தெருக்கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டோம். அது மூடியிருக்கும்போது வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. கனமழை நேரத்தில் வாஷிங் மெஷின் போடாதீர்கள்.

அப்புறம், புகார் எங்கே என்று பலர் கேட்டீர்கள். கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம், தொலைபேசி எண் 1916. மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சி, எண் 1913.

அடைப்பெடுக்க ஆளை மட்டும் சாக்கடைக்குள் இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் உயிரைப் பறிக்கும். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாப்புக் கருவி இல்லாமல் அப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. இயந்திர வண்டியைக் கேட்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டிலும் இதே இணைப்புதான். அவர்களும் பிரிக்கச் சம்மதித்துவிட்டார்கள்.