எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிந்தது: ஆபரேஷன் தியேட்டரில் கிளம்பிய உங்கள் கேள்வி எது?

நைட்டியூட்டி, டர்பன்:

கோவையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து மயக்கவியலில் சேர்ந்தவள் நான். இங்கே 2011 முதல் ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணராகப் பயிற்சி பெறும் டாக்டராக, சேருகிறவர்களுக்குத் தேர்வு மட்டும் போதாது, ஓர் ஆராய்ச்சியையும் முடித்தால்தான் நிபுணராகப் பதிய முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பகலில் தியேட்டர், ராத்திரியில் கூப்பிட்டால் ஓடவேண்டிய டியூட்டி என்று ஓடுகிறவர் என்ன செய்வார்? பழைய ஃபைலைப் புரட்டிக் கணக்கெடுக்கிற தலைப்பாகப் பார்த்துப் பிடிப்பார். நானும் அப்படித்தான் பிடித்தேன்: சிசேரியனுக்கு ஸ்பைனல் (முதுகில் போடும் மரப்பு ஊசி) போட்ட பிறகு எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது? ஏற்கெனவே ஊர் உலகமெல்லாம் எழுதித் தீர்த்த விஷயம்.

ரெக்கார்டு அறையில் மூன்று வாரம், தூசியும் தும்மலுமாக. ஒரு மத்தியானம் கையிலிருந்த சார்ட்டில், ஆபரேஷன் நேரத்து ரத்த அழுத்தத்தைக் கையால் குறிக்கிற தாளில், 120/80, 120/80, 110/70, 120/80. அடுத்ததிலும் அப்படியே. எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிகிறது! மானிட்டரில் 87/43 என்று அலாரம் கத்தியதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன், அதெல்லாம் எங்கே போயிற்று? குழந்தை வெளியே வருகிற நேரத்தில் யாரும் பேனாவைத் தேடுவதில்லை. எல்லாம் அடங்கிய பிறகு ஞாபகத்திலிருந்து எழுதுகிறோம். (நானும்தான்.)

தலைப்பே பாழாகிவிட்டது என்று புரொஃபசரிடம் அழாத குறையாகப் போய் நின்றேன். சார்ட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுதானே உன் தலைப்பு?" என்றார்.

ஆராய்ச்சி நெறிமுறையைப் பார்க்கிற எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி வாங்கி, ஒரு நோட்டோடு தியேட்டர் மூலையில் நின்றேன். மானிட்டர் காட்டுவது ஒரு பக்கம், சார்ட்டில் ஏறுவது மறுபக்கம். அங்கேயும் கோட்டை விட்டேன். நான் நிற்பதைப் பார்த்ததும் எல்லாரும் ஒழுங்காக எழுத ஆரம்பித்துவிட்டார்கள்! கடைசியில் மானிட்டர் மெமரியிலிருந்து எடுப்பதாக முறையை மாற்றி, மறுபடி கமிட்டிக்கு மனுப் போட்டு, நாலு மாதம் போயிற்று. ஒரு சகா என்னை டீக்குக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

ஸ்டேங்கர் பேரன்:

நான் டாக்டர் இல்லை, நோயாளிப் பக்கத்து ஆள். எங்கள் ஆயாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன். முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் வந்து, ஆராய்ச்சியில் சேருகிறீர்களா என்று கேட்டார். ஆயா படிவத்தைத் தொடவே இல்லை. "வேணாம்னு சொன்னா ஊசியக் கொறச்சிப் போட மாட்டியே?" என்றாள். நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, வேண்டாம் என்றாலும் அதே ஊசி, அதே கவனிப்பு என்றார். ராத்திரி முழுக்க யோசித்துக் காலையில் சரி என்றாள்.

கேப்டவுன் காற்று:

2016-இல் ஆப்பிரிக்க அறுவை சிகிச்சை விளைவுகள் ஆய்வுக்கு நானும் படிவம் நிரப்பினேன். முன்னின்று நடத்தியவர் கேப்டவுன் மயக்கவியல் பேராசிரியர் புரூஸ் பிக்கார்ட். நாட்டுக்கு ஏழு நாள் கணக்கு, 25 நாடுகள், 247 மருத்துவமனைகள், பதினோராயிரத்துச் சொச்சம் நோயாளிகள். 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம் நோயாளிகள் வயதில் இளையவர்கள், மற்ற வியாதிகளும் குறைவு, ஆனாலும் இறப்பு உலகச் சராசரியைப் போல இரண்டு மடங்கு. அதிலும் பெரும்பாலான சாவு தியேட்டரில் இல்லை, அதற்குப் பிந்தைய நாட்களில்.

அப்படியானால் ஆபத்து அதிகமுள்ளவர்களை வார்டில் கூடுதலாகக் கவனித்தால்? அடுத்த ஆய்வு அதுதான்: 28 நாடுகள், 332 மருத்துவமனைகள். 2021-இல் முடிவு வந்தது, இறப்பு குறையவில்லை. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் குறையவில்லை என்பதை அப்படியே அச்சேற்றினார்கள், அக்கா. உங்கள் 87/43-ஐ 120/80 என்று எழுதாத மாதிரி.

நைட்டியூட்டி, டர்பன்:

ஸ்டேங்கர் தம்பி, உங்கள் ஆயா கேட்டது எங்கள் படிவத்தில் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முதல் பக்கத்துக்கு வரவேண்டியது.

நேற்று ஒரு ரெஜிஸ்ட்ரார், "சீக்கிரம் முடிகிற தலைப்பு ஏதாவது கொடுங்கள்" என்று வந்தார். காலி நோட்டு ஒன்றை நீட்டி, ஒரு வாரம் தியேட்டரில் உறுத்துவதையெல்லாம் இதில் எழுதிக்கொண்டு வா என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. நோட்டை எடுத்துக்கொண்டுதான் போனார், பார்ப்போம்.