மட்டக்களப்பு கல்லடியில் 12 அடி ஒழுங்கை 8 அடியானது எப்படி?

வாவிக்கரையான்:
எங்கள் ஒழுங்கை காணி உறுதியில் 12 அடி. போன ஞாயிறு நானும் மகனும் அளவுநாடா பிடித்தோம். தொடக்கத்தில் 12, நடுவில் 9 அடி 4 அங்குலம், மூலை வளவுக்கு முன்னால் 8. ஒருவர் மதிலை நகர்த்தினார். அடுத்தவர் மதிலுக்கு வெளியே பூக்கன்று வைத்து, சுற்றிவரக் கல்லும் கட்டினார். மூலை வீட்டார் காரை ஏற்ற, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு மேல் கொங்கிரீட் சாய்தளம் போட்டார். கார்த்திகை மழையில் குசினிக்குள் கணுக்கால் தண்ணீர். காஸ் சிலிண்டரைக் கதிரையில் ஏற்றிவிட்டுத்தான் தேநீர் போட்டோம். மாநகர சபைக்கு மூன்று முறை எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள், இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

மூலைவளவு:
அந்த மூலை வீட்டான் நான்தான் அண்ணன், ஒளிக்க ஒன்றுமில்லை. அம்மாவின் வளவு 20 பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி). மூன்று தங்கச்சிமார். நம்ம ஊரில் வீடு இல்லாமல் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேச ஏலுமா? 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டுக்கு அனுமதி எடுப்பது பெரும்பாடு. ஆளுக்கு 6 கொடுத்து, மிச்சம் 2 பேர்ச் உள்ளே போக வழி. மதில் பழைய கிடுகு வேலி நின்ற இடத்தில்தான் நிற்கிறது. சாய்தளத்துக்கு அடியில் 6 அங்குலக் குழாயும் வைத்திருக்கிறேன்.

வாவிக்கரையான்:
கிடுகு வேலிக்குக் கால் உண்டு தம்பி. வருடா வருடம் மாற்றிக் கட்டும்போது ஒரு சாண் வெளியே நடக்கும். கான் 18 அங்குலம், உங்கள் குழாய் 6. ஐப்பசியில் கம்பு விட்டுக் குத்தினேன், தும்பும் பொலித்தீன் பையும் வந்தன, தண்ணீர் வரவில்லை.

முகத்துவாரத்தான்:
குழாயை விடுங்கள். வாவி மட்டம் ஏறி, அது கடலில் விழும் முகத்துவாரத்து மணலை வெட்டாமல் விட்டால் எந்தக் கானும் இறங்காது. 2011 தை வெள்ளம் யார் மதில் கட்டியதால் வந்தது?

வாவிக்கரையான்:
அது மாவட்டமே மூழ்கிய வெள்ளம். நான் சொல்வது இரண்டு மணித்தியால மழை. பக்கத்து ஒழுங்கை அன்று பின்னேரமே காய்ந்துவிட்டது. கல்லடி மணல் தரை, விட்டால் தானே குடித்துவிடும். முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதித்தால் எங்கே குடிக்கும்?

படம்கீறி:
வீட்டுப்படம் கீறுவது என் தொழில், அதனால் இரண்டு பேருக்கும் சொல்கிறேன். இன்றைய மதிலிலிருந்து நாடா பிடித்தால் ஒழுங்கை ஒடுங்கியது தெரியும், யார் பக்கம் ஒடுங்கியது என்று தெரியாது. பழைய நில அளவைப் படத்தோடு அனுமதி பெற்ற அளவையாளர் வந்து எல்லைக் கல் தேடவேண்டும். பத்து வருடம் ஆண்டேன் என்ற வாதம் தனியார் காணிக்குச் சரி, பொது வழியிடம் எடுபடாது. அப்புறம், கட்டி முடித்ததும், அனுமதித்த படத்தின்படிதான் கட்டினீர்கள் என்ற இணக்கச் சான்றிதழ் எடுத்தீர்களா தம்பி? அனுமதி எடுக்கும் பலர் அதற்குத் திரும்பி வருவதில்லை. வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் என்னைத் தேடுவார்கள்.

மூலைவளவு:
எடுக்கவில்லை. சரி, சாய்தளத்தை உடைத்து, கானை 18 அங்குலத்துக்கே விட்டு, மேலே கழற்றுகிற சிலாப் போடுகிறேன். மதிலுக்கு அளவையாளர் வரட்டும், கூலி பாதிப் பாதி. ஆனால் அண்ணன், உங்கள் தண்ணீர்த் தாங்கியின் ஒரு தூண் கானுக்குள்தானே நிற்கிறது?

வாவிக்கரையான்:
கானுக்குள் இல்லை, கான் ஓரத்தில்.

மூலைவளவு:
ஞாயிறு நாடாவோடு வருகிறேன். மகனையும் நிற்கச் சொல்லுங்கள்.