ஐம்பதைத் தாண்டிய குதிரையேற்றம்: உட்காரும் விதமும் உடம்பும் – அனுபவப் பகிர்வு

சென்னை, வயது 58, பெண்

விருப்ப ஓய்வு வாங்கியதும் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு ரைடிங் பள்ளியில் சேர்ந்தேன். சின்ன வயது ஆசை. அதுவரை என் வேலை வங்கி கவுன்டரில். நாள் முழுக்க உட்கார்ந்தே பழகிய உடம்பு. சேர்ந்த புதிதில் பார்ப்பவர்கள் எல்லாம் சொன்னது ஒன்றுதான், "நிமிர்ந்து உட்காருங்க." நிமிர்ந்தால் இடுப்புக்கு மேலே சுள்ளென்று பிடிக்கும், கொஞ்சம் விட்டால் கூன் விழும். எங்கள் கோச் மட்டும் வேறு மாதிரி சொன்னார். "மேடம், முதுகை விட்டுடுங்க. பூட்டிக்கிட்டு இருக்கிறது உங்க தொடை இடுக்கு."

வயதில் மூத்தவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குதிரை நடக்கும்போது அதன் பின்னங்கால்கள் மாறி மாறி முன்னே வருகின்றன. அதற்கேற்ப முதுகும் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் எழும். நம் இடுப்பு அதோடு சேர்ந்து போக வேண்டும். பல வருடம் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தொடையையும் அடிமுதுகையும் இணைக்கும் தசை குறுகிப்போயிருக்கும். இடுப்பு அசையாவிட்டால் அந்த அசைவு எங்கே போகும்? அடிமுதுகுக்கும் கழுத்துக்கும் போகும். அந்த நிலையில் நெஞ்சை நிமிர்த்தினால் அடிமுதுகு இன்னும் உள்வாங்கும், வலி கூடும்.

பக்கவாட்டில் இருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். எனக்குக் குதிகால் முன்னால் போய் நின்றது. கோச் என் பாதம் வைக்கும் வளையத்தை, அதாவது ஸ்டிரப்பைக் கழற்றிவிட்டு, குதிரையை நீண்ட கயிற்றில் பிடித்து வட்டமாக நடக்க விட்டார். கடிவாளமும் என் கையில் இல்லை. வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலில் புதிதாகச் சேருபவர்களுக்கும் ஆரம்பப் பயிற்சி இப்படித்தான், ஸ்டிரப்பும் கடிவாளமும் இல்லாமல், என்று அவர் சொன்னபோது எனக்குத் தெம்பு வந்தது.

பின்னால் இருந்து அவர் எடுத்த வீடியோ இன்னொன்றைக் காட்டியது. குதிரையின் வால் நடுவில் இருக்கிறது, என் சட்டையின் முதுகுத் தையல் இடது பக்கம் விலகி நிற்கிறது. சேணமும் இடது பக்கம் சரிந்திருக்கிறது. வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டில் இன்னொன்று இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து நின்றேன். இரண்டு முள்ளும் வேறு வேறு இடத்தில் நின்றன, இடது பக்கம்தான் அதிகம். வலது வட்டத்தில் போகும்போதெல்லாம் குதிரை வெளியே நழுவுவதன் காரணம் அன்றுதான் புரிந்தது. செலவில்லாத சோதனை, எல்லோரும் செய்து பாருங்கள்.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். ஜிம் வேண்டாம் என்றார். ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மறு காலை முன்னால் மடக்கி வைத்து, அடிவயிற்றை உள்ளே இழுத்தபடி இடுப்பை மெதுவாக முன்னே தள்ளுவது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பிட்டத்தை உயர்த்திப் பிடிப்பது. நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்குவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருவது. கடைசியாகச் சொன்னது ட்ராட்டில், அதாவது குதிரை துள்ளுநடை போடும்போது, எழுந்து உட்காருவதற்கு அப்படியே உதவியது. பொத்தென்று சேணத்தில் விழுந்தால் அந்த அடி குதிரை முதுகில்தானே படுகிறது.

நான் ஓட்டுவது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தரோபிரெட் இனப் பெண் குதிரை. முன்பெல்லாம் நான் ஏறியதும் தலையைத் தூக்கி முதுகை இறுக்கிக்கொள்ளும். இப்போது இரண்டு சுற்று நடந்ததும் கழுத்தைத் தாழ்த்தி, மூக்கால் புர்ரென்று ஊதும். குதிரையைப் பராமரிக்கும் சைஸ் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நல்லா உக்காந்திருக்கீங்கம்மா" என்பார். வேறு யார் மார்க் போட்டாலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வராது.

கோவை, வயது 66, ஆண்

அம்மா எழுதியது நூற்றுக்கு நூறு சரி. நான் ராணுவத்தில் இருந்தபோது ஓட்டியவன். நடுவில் நீண்ட இடைவெளி. திரும்ப ஏறியபோது உட்காருவது மறக்கவில்லை, முட்டிதான் ஒத்துழைக்கவில்லை. தேய்மானம். எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன்.

ஸ்டிரப் வாரை ஒரு ஓட்டை இறக்கிப் போட்டதில் முட்டி மடங்குவது குறைந்து பாதி வலி போனது. அடித்தட்டு அகலமான ஸ்டிரப் மாற்றியதில் கணுக்காலும் நிம்மதியானது. தரையிலிருந்து ஏறுவதை அறவே விட்டுவிட்டேன். படி வைத்துத்தான் ஏறுகிறேன். இதில் கௌரவம் பார்க்காதீர்கள். தரையிலிருந்து ஏறும்போது நம் எடை முழுவதும் ஒரு பக்கமாகத் தொங்கி, சேணம் திருகி, குதிரையின் முதுகை இழுக்கிறது. இளைஞர்களும் படி வைத்தே ஏறலாம்.

இறங்கும்போதும் கவனம். இரண்டு பாதமும் ஸ்டிரப்பிலிருந்து விடுபட்ட பிறகே காலைச் சுழற்ற வேண்டும். வயிற்றைச் சேணத்தில் சாய்த்து மெதுவாக வழுக்கி, முட்டியை லேசாக மடக்கித் தரையைத் தொட வேண்டும். குளிர்காலக் காலையில் விறைத்த காலோடு குதித்தால் அன்று முழுக்க நொண்ட வேண்டியதுதான்.

மூச்சு இன்னொரு விஷயம். ட்ராட்டில் நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், தோள் ஏறிவிடுகிறது. எனக்குக் கற்றுக்கொடுத்த பழைய ரிசல்தார் (குதிரைப்படை அதிகாரி) சத்தமாக ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். வாய் பேசினால் மூச்சு நிற்காது. இன்றும் அதைச் செய்கிறேன். தம்முக்கு மருதமலைக் கோயில் படி ஏறி இறங்குகிறேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடைக்கு வேலை, அங்கே அவசரப்படுவதில்லை.

பெங்களூரு, வயது 63, பெண்

நான் யோகா பல வருடமாகச் செய்பவள். பாதங்களைச் சேர்த்து வைத்து உட்காரும் பத்தகோணாசனம் இடுப்பைத் திறக்க உதவியது, உண்மை. ஆனால் யோகா மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆசனத்தில் நாம் அசையாமல் நிற்கிறோம். குதிரையோ நம்மைக் கேட்காமல் அசைகிறது. திடீரென மிரண்டு விலகும்போது உடம்பு அந்தக் கணமே பதில் சொல்ல வேண்டும். அதற்கு வலிமையும் சமநிலையும் தனியாகப் பழக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையும் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி செய்யச் சொல்கிறது. நான் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பேன். பழகிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கை சுவருக்குப் பக்கத்தில்.

பெண்கள் இன்னொன்றையும் கேளுங்கள். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. ஏறுவதற்கு முன் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கு அடர்த்தி குறைவு என்று வந்தது. டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை, விழக் கூடாது என்றார். அதனால் சாதுவான, உயரம் குறைந்த குதிரை, ஹெல்மெட், உடம்பைக் காக்கும் வெஸ்ட். தடை தாண்டல் கிடையாது. இதில் எனக்கு வருத்தமே இல்லை.

வயதைச் சொல்லிப் பயமுறுத்துபவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தாண்டல் போட்டியில் கலந்துகொண்டவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் டிரெசாஜுக்கு, அதாவது ஓட்டுபவரின் நுட்பமான சைகைக்குக் குதிரை ஒழுங்காக நடைபோடும் போட்டிக்கு, திரும்பி வந்தார். 2012 லண்டனில் விஸ்பர் என்ற குதிரையில் இறங்கியபோது வயது 71. டிரெசாஜில் உட்காரும் விதம்தான் உயிர்நாடி. பிரிட்டனின் லோர்னா ஜான்ஸ்டன் 1972 மியூனிக்கில் 70 வயதில் அதே போட்டியில் கலந்துகொண்டவர். ஆண் பெண் பிரிவு இல்லாமல் எல்லோரும் ஒன்றாக மோதும் விளையாட்டு இது.

சென்னை, வயது 58

பெங்களூரு அக்கா, டெக்ஸா பற்றி எழுதியதற்கு ரொம்ப நன்றி. நான் இன்னும் எடுக்கவில்லை, இந்த வாரமே போகிறேன். கோவை ஐயா, வாய்ப்பாட்டை எங்கள் கோச்சிடம் சொன்னேன், அவர் சின்னப் பிள்ளைகளைப் பாட வைப்பாராம். எனக்கும் நாளையிலிருந்து உண்டு.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். வெயில் ஏறுமுன் ஆறு மணிக்கே ஏறிவிடுங்கள். வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும், அதனால் கேட்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். ஏறுவதற்கு முன் லாயத்திலேயே குதிரைக்கு பிரஷ் போடும் வேலையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். தோளும் இடுப்பும் அதிலேயே சூடாகிவிடும். வலது கையால் பாதி, இடது கையால் பாதி.