பெட்டியில் 1200 வாட், ஃபியூஸ் 20 ஆம்பியர்

என் பழைய ஸ்விஃப்ட் காரின் கதவு ஸ்பீக்கர் இரண்டும் கருகிப் போன கதை இது. ஆறரை இஞ்ச் செட், ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்) 75 வாட், ஆனால் அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது 225. கடைக்காரர் "சார், இந்த 1200 வாட் நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர் போடுங்க, கதவே அதிரும்" என்றார், நானும் தலையாட்டிவிட்டேன். ஆறு வாரம்கூட ஆகியிருக்காது, பைபாஸில் போகும்போது இடது பக்கம் கரகரவென்றது, அப்புறம் ஒரு தீய்ந்த வாடை, அதோடு சரி. நாலு நாளில் வலதும் போனது. வாட் அதிகமாகித்தான் போச்சு என்று எல்லாரும் சொன்னார்கள், நம்பினேன்.

கழற்றும்போது பார்த்தால் ஆம்பில் இருப்பதே ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ்தான். 14 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 280 வாட், கணிசமான பங்கு சூடாகவே வீணாகும் ஏபி வகை ஆம்ப் என்பதால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வெளியே வரும். சேனலுக்கு 40 தேறினால் பெரிய விஷயம். சத்தம் போதவில்லை என்று நான் கெயினை (ஆம்ப் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் திருகை) கடைசிவரை திருகியிருந்தேன். அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிட்டால், அதே ஆம்ப் தன் அளவைப்போல இரண்டு மடங்குவரைகூட ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலில் கொட்டும், அதுவும் மூச்சு விடாமல். குறைந்த பவர் ஸ்பீக்கரை எரிக்காது என்று யார் சொன்னாலும் என்னிடம் அனுப்புங்கள்.

பதில்:
எனக்கு ஓம் கணக்கில் அடி (ஓம் குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும்). 12 இஞ்ச் சப்வூஃபர், அதாவது பேஸ் ஸ்பீக்கர், இரட்டைக் காயில், ஒவ்வொன்றும் 4 ஓம். பொருத்திய பையன் இரண்டையும் பேரலலில் இணைத்து 2 ஓம் ஆக்கி, இரண்டு சேனலைச் சேர்த்து ஓட்டும் பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே தாங்காத ஆம்பில் கொடுத்துவிட்டான். மூன்று பாட்டு ஓடும், தொட்டால் சுடும், சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். சீரிஸில் 8 ஓமாக மாற்றினோம், சூடு போனது, ஆனால் 4 ஓமில் வரக்கூடிய பவரில் பாதிதான் வந்தது. கடைசியில் 2 ஓமில் 300 வாட் தரும் மோனோபிளாக், அதாவது ஒற்றைச் சேனல் ஆம்ப், வாங்கினேன். ஆம்பை முதலில் பார்த்துவிட்டுச் சப் வாங்கியிருக்க வேண்டும்.

பதில்:
அண்ணே, அப்போ 75 வாட் ஸ்பீக்கருக்கு அதைவிடப் பெரிய ஆம்ப் போடலாமா?

பதில்:
போடலாம் தம்பி, இப்போது என்னிடம் இருப்பது சேனலுக்கு 90 ஆர்எம்எஸ். 75-ஐ ஸ்பீக்கரின் 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 17.3 வோல்ட் வரும். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஹெட் யூனிட் (கார் ஸ்டீரியோ) வால்யூமை முக்காலில் வைத்து, 1000 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 17 வரும்வரை கெயினை ஏற்றினேன். கால்வாசிகூடத் திரும்பவில்லை, முழுதாய்த் திருகக் கை அரித்தது. 80 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழான பேஸைக் குறைக்கும் ஹை பாஸ் போட்டபிறகுதான் மிருதங்கமும் குரலும் தனித்தனியாகக் கேட்டன, அதற்கப்புறம் கெயினைத் தொடவில்லை.