ஆற்றில் குதிக்கும் பையன்: படம் சரியாக வரவில்லை, அவசரம்

டவுன்வாசி
அக்கா மகன் திருநெல்வேலி குறுக்குத்துறையில் மண்டபத்து மேலிருந்து ஆற்றில் குதிக்கிறான். எத்தனை எடுத்தும் ஒன்றுகூடச் சரியாக விழவில்லை. ஒன்று, ஆள் மங்கலாக இருக்கிறான். இல்லையென்றால் வெறும் தண்ணீர் தெறிப்புதான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலில் ஊருக்குப் போகிறான், பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் ஒரு நல்ல படமாவது வேண்டும். என்ன செட்டிங் வைக்க வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

முக்கூடல்காரன்
அண்ணாச்சி, போனா கேமராவா? அதைச் சொல்லாமல் செட்டிங் கேட்டால் எப்படிச் சொல்வது? எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?

கையடக்கம்
போனாக இருந்தால் போட்டோவே எடுக்க வேண்டாம். 4கே வீடியோ ஓடவிட்டு, பிடித்த இடத்தில் நிறுத்தி ஒரு பிரேமை வெட்டிக்கொள்ளுங்கள். 3840×2160, அதாவது எண்பது லட்சம் பிக்சலுக்கு மேல் கிடைக்கும். வீட்டில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போடலாம். நான் மாட்டுப்பொங்கலுக்கு ஓடுகிற காளையை இப்படித்தான் எடுக்கிறேன்.

கூந்தன்குளம் ரசிகன்
ஃபோகஸ் பிரச்சினையாக இருக்கும் சார். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா தண்ணீரிலிருந்து எழும்பும்போது எனக்கு இதே தொல்லைதான். நகர்கிற பொருளைத் தொடர்ந்து பிடிக்கும் ஃபோகஸுக்கு மாற்றுங்கள், கேனனில் ஏஐ செர்வோ என்று இருக்கும். முடிந்தால் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 70-200 லென்ஸ் ஒன்று வாடகைக்கு எடுங்கள்.

பழைய ரோல்
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது, தேடிப் பார்த்திருக்கலாம். ஷட்டர் வேகம் என்றால் என்ன என்று படிக்காமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனால் இப்படித்தான் வரும். நாங்கள் 36 படம் உள்ள ஃபிலிம் ரோலில் கற்றுக்கொண்டவர்கள். ஒவ்வொரு படமும் காசு. யோசித்து அழுத்துவோம். முதலில் அடிப்படையைப் படியுங்கள் தம்பி.

முக்கூடல்காரன்
அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் வேண்டுமாம் அண்ணாச்சி, பாடம் அப்புறம் நடத்தலாம். டவுன்வாசி, கேமரா விவரம் சொல்லுங்கள்.

டவுன்வாசி
கேமராதான். கேனன் 1500டி, கூட வந்த 18-55 லென்ஸ். ஆட்டோ மோடு. வேலை முடிந்து சாயந்திரம்தான் போக முடிகிறது.

பொருநைக்கரை
இன்னும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். மங்கலாக இருக்கிற படத்தில் மண்டபத்துத் தூண் தெளிவாக இருக்கிறதா, அதுவும் மங்கலா? பின்னால் உள்ள திரையைப் பார்த்து எடுக்கிறீர்களா, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரிலா? சாயந்திரம் என்றால் எத்தனை மணி?

டவுன்வாசி
தூண் பளிச்சென்று இருக்கிறது, பையன்தான் மங்கல். திரையைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். ஆறரை மணி இருக்கும். ஃபிளாஷும் தானாக எழும்பி அடிக்கிறது.

பொருநைக்கரை
இதுதான் வேண்டியிருந்தது. உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. சேர்த்துப் பார்த்ததால்தான் குழப்பம்.

முதலாவது, மங்கல். தூண் தெளிவாக இருப்பதால் கை ஆடவில்லை. பையனும் தூணும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் என்பதால் ஃபோகஸும் தப்பவில்லை. ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். ஆறரை மணி வெளிச்சத்தில் ஆட்டோ மோடு 1/60 விநாடி போல ஏதாவது வைத்திருக்கும். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவன் தண்ணீரைத் தொடும்போது விநாடிக்கு 7.7 மீட்டர் வேகத்தில் இருப்பான். 1/60 விநாடிக்குள் 13 செ.மீ. நகர்ந்துவிடுவான். முகமே அழிந்துபோகும். 1/1600 வைத்தால் அதே இடத்தில் அரை செ.மீ.தான்.

அதனால் டயலை 'டிவி' (Tv, ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் மோடு) என்ற இடத்துக்குத் திருப்பி, வேகத்தை 1/1600 வையுங்கள். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு, ஆட்டோவில் இருக்கட்டும். ஆனால் இதற்கு வெளிச்சம் வேண்டும். ஞாயிறு காலை எட்டு, எட்டரைக்குப் போங்கள். நல்ல வெயிலில் எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 200-க்கே 1/1600 கிடைக்கும். ஆறரை மணி இருட்டில் அதே வேகம் வைத்தால் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஃபிளாஷ் வேண்டாம். கேமராவோடு இருக்கும் ஃபிளாஷ் போட்டால் 1/200-க்கு மேல் போக முடியாது, ஆற்றின் நடு வரைக்கும் அது எட்டவும் செய்யாது.

இரண்டாவது, தாமதம். தெறிப்பு மட்டும் வருவதற்கு இதுதான் காரணம். பின் திரையில் எடுத்தால் இந்த கேமரா ஃபோகஸ் தேடிக்கொண்டு நிற்கும். வியூஃபைண்டரில் கண்ணை வையுங்கள். மண்டபத்து விளிம்பில் ஃபோகஸ் பிடித்துவிட்டு, லென்ஸ் பக்கவாட்டில் உள்ள சுவிட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் வைப்பது) தள்ளிவிடுங்கள். அதன் பிறகு கேமரா எதையும் தேடாது.

கூந்தன்குளம் ரசிகன்
பையன் முன்னால் பாய்ந்தால் ஃபோகஸ் போய்விடுமே?

பொருநைக்கரை
போகாது. 55 மி.மீ., எஃப் 8, விளிம்பு 12 மீட்டர் தூரம் என்று வையுங்கள். சுமார் ஏழரை மீட்டரிலிருந்து முப்பது மீட்டர் வரை தெளிவாக இருக்கும். பறவைக்கு நீங்கள் சொன்னது சரி, அது எங்கே போகும் என்று தெரியாது. இவன் குதிக்கிற இடம் தெரியும். 70-200-க்கு வாடகை கொடுக்கத் தேவையில்லை.

கையடக்கம்
தொடர்ந்து அழுத்தி பர்ஸ்ட் போட்டால் முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு?

பொருநைக்கரை
1500டி விநாடிக்கு மூன்று படம்தான் எடுக்கும். பையன் காற்றில் இருப்பதே ஏறத்தாழ ஒரு விநாடி. இரண்டு படத்துக்கு நடுவே மூன்றில் ஒரு விநாடி ஓடிவிடும், கடைசிப் பகுதியில் அதற்குள் இரண்டு மீட்டர் விழுந்துவிடுவான். நல்ல கணம் அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும்.

உச்சியைப் பிடிப்பதுதான் வழி. மேலே எம்பிய உடம்பு உச்சியில் ஒரு கணம் வேகமே இல்லாமல் இருக்கும். அதற்கு 0.1 விநாடி முன்னும் 0.1 விநாடி பின்னும் ஐந்து செ.மீ. மட்டுமே மாறும். கை கால் விரிந்து, முகம் தெரிகிற அழகான நிலையும் அதுதான். ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட எம்பினால் உச்சிக்குப் போகக் கால் விநாடி ஆகும். கண்ணால் பார்த்து விரலால் அழுத்த நமக்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும், கேமரா தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் கால் கல்லை விட்டு எழும்பிய பிறகு அழுத்தினால் பிந்திவிடும். குதிக்க முழங்காலை மடக்குவான் பாருங்கள், அது நிமிரத் தொடங்கும்போதே அழுத்திவிடுங்கள். பட்டனைப் பாதி அழுத்தித் தயாராக வைத்திருங்கள்.

அப்புறம், கீழ்ப் படியில் உட்கார்ந்து எடுங்கள். பையனுக்குப் பின்னால் வானம் வரும். நின்றுகொண்டு எடுத்தால் எதிர்க்கரை மரத்தோடு கலந்து ஆள் தெரியமாட்டான்.

பழைய ரோல்
இதைத்தான் நானும் சொன்னேன். ஒரே அழுத்து. 1932-இல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறவனை பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் எடுத்தாரே, அவரிடம் பர்ஸ்ட் இருந்ததா? இயந்திரம் படபடவென்று சுட்டுத் தருவது வேட்டை, கலை அல்ல.

கையடக்கம்
அந்தப் படத்தை வேலிப் பலகை இடுக்கு வழியாக எடுத்தார், ஓரத்தைப் பிறகு வெட்டினார். அதுவும் கலைதான். 1948-இல் ஃபிலிப் ஹால்ஸ்மன் ஓவியர் சால்வடோர் டாலியைப் பூனைகளும் தண்ணீரும் பறக்கக் குதிக்கவைத்து எடுத்த படத்துக்கு 28 முறை முயன்றார். 1878-இல் மைபிரிட்ஜ் ஓடுகிற குதிரையை எடுக்க 12 கேமராவை வரிசையாக வைத்தார். அன்றைக்கு அதுதான் பர்ஸ்ட். பல படம் எடுத்தால் குறைவு என்று யார் சொன்னது?

பழைய ரோல்
மைபிரிட்ஜ் செய்தது ஆராய்ச்சி. குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விடுகிறதா என்று பார்க்க எடுத்தது. அதை இதோடு சேர்க்காதீர்கள்.

கையடக்கம்
ஆராய்ச்சியோ என்னவோ, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டியது. நமக்கும் அதுதானே வேண்டும்?

படித்துறை
நீங்கள் பாரிஸ் வரை போய்விட்டீர்கள். நான் குறுக்குத்துறைப் பக்கம்தான் இருக்கிறேன், ஒரு முக்கியமான விஷயம் சொல்கிறேன். கோடையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது மண்டபத்தடியில் பாறை மேலே வந்துவிடும். போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் இடுப்பளவுதான் இருக்கும். கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையைத் திறந்தால் இழுப்பு கூடும், அதுவும் ஆபத்து. குதிப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் இறங்கி ஆழம் பார்க்க வேண்டும். தலைகீழாகக் குதிக்கவே கூடாது. இன்னொன்று, படத்துக்காகப் பையனைத் திரும்பத் திரும்ப ஏறச் சொல்லாதீர்கள். களைத்துப்போனால் கால் வழுக்கும், கல்லெல்லாம் பாசி.

முக்கூடல்காரன்
நூற்றுக்கு நூறு சரி. மண்டபம் வேண்டாம் என்றால் படியிலிருந்தே குதிக்கட்டும். கீழே உட்கார்ந்து எடுத்தால் உயரமாகத்தான் தெரியும்.

பொருநைக்கரை
ஆமாம், உச்சி எங்கிருந்து குதித்தாலும் உச்சிதான். படியிலிருந்து என்றால் காற்றில் இருக்கும் நேரம் குறையும், ஆனால் அழுத்த வேண்டிய கணம் அதேதான். வீட்டு மொட்டை மாடியில் பையனை நின்ற இடத்திலேயே எம்பச் சொல்லி முதலில் பழகிப் பாருங்கள். விரலுக்கு நேரம் பிடிபட்டுவிடும்.

கூந்தன்குளம் ரசிகன்
டவுன்வாசி, எடுத்தீர்களா?

டவுன்வாசி
காலையில் போனோம். டிவி மோடு, 1/1600, எம்எஃப். தண்ணீர் குறைவு என்று மாமா சொன்னதால் படியிலிருந்துதான் குதித்தான். முழங்காலைப் பார்த்து அழுத்தியதில் இரண்டு படம் நன்றாக வந்திருக்கிறது, அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறோம்.

பொருநைக்கரை
சந்தோஷம். ஐஎஸ்ஓ எவ்வளவு வந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

முக்கூடல்காரன்
படத்தையும் போடுங்கள் அண்ணாச்சி.

புதுக்கேமரா
எனக்கும் இதே பிரச்சினை, நாய் பந்தைப் பிடிக்கத் தாவும்போது. என்ன செட்டிங்?

முக்கூடல்காரன்
போனா கேமராவா?