புதுப்பிப்பு: சாண்டி இர்வின் பற்றிய என் பழைய இழை

1924-இல் பிரிட்டிஷ் மலையேற்ற வீரர் ஜார்ஜ் மல்லோரியோடு எவரெஸ்ட் உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாமலே போன 22 வயது சாண்டி இர்வினைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். மல்லோரியின் உடல் 1999-இல் கிடைத்துவிட்டது, இந்தப் பையன் என்ன ஆனான் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

சரி, அவரும் கிடைத்துவிட்டார், கொஞ்சமாவது. 2024 செப்டம்பரில் எவரெஸ்டின் வடக்குப் பக்கத்திலுள்ள மத்திய ரோங்புக் பனியாற்றில், மலையேறியும் படக்கலைஞருமான ஜிம்மி சின்னின் குழு ஒரு பழைய தோல் பூட்ஸைக் கண்டது. அடியில் அந்தக் காலத்து ஆணிகள், உள்ளே காலுறையோடு பாதம், காலுறையில் தைத்த சிவப்புப் பட்டியில் 'ஏ. சி. இர்வின்' என்ற பெயர் (சாண்டியின் முழுப்பெயர் ஆண்ட்ரூ காமின் இர்வின்). படத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

போன தடவை அவர் மரணத்தையே அதிகம் பேசினோம், ஆனால் அந்த வாழ்க்கையைப் பாருங்கள்: 1923-இல் கேம்பிரிட்ஜைத் தோற்கடித்த ஆக்ஸ்போர்டு படகில் துடுப்பு வலித்தவர், அதே வருடக் கோடையில் ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் பனியில் சறுக்குவண்டி இழுத்தவர், அப்புறம் சுவிட்சர்லாந்தின் மூரனில் பனிச்சறுக்கு பழகி அதிலேயே கிறங்கிப் போனவர். எவரெஸ்டில் மக்கர் செய்த ஆக்சிஜன் கருவிகளை எல்லாம் கூடாரத்தில் உட்கார்ந்து பிரித்துப் பிரித்துச் சரிசெய்ததும் இவர்தான். மலையேற்ற அனுபவம் குறைவுதான், ஆனால் மல்லோரி கடைசி ஏற்றத்துக்குத் துணையாக இவரைத்தான் தேர்ந்தெடுத்தார். ஜூன் 8 அன்று இருவரையும் கடைசியாகப் பார்த்த சக குழுவினர் ஓடெல், ஸ்பிட்ஸ்பெர்கனில் இவரோடு ஒரே குழுவில் நடந்தவர் என்பதை நினைத்தால் இன்னும் கனக்கிறது.

உச்சியைத் தொட்டார்களா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. உச்சியில் படம் எடுத்திருந்தால் அதற்குச் சாட்சியாகக்கூடிய, அவர்களிடம் இருந்த கோடக் கேமராவும் கிடைக்கவில்லை. அது கிடைத்தால் இங்கேயே எழுதுகிறேன்.