புர்ஜ் கலீஃபா செவுத்துல டாம் குரூஸ் தொங்குனப்ப நான் எதிர் மொட்டமாடில நின்னேன்

2010 நவம்பர்ல நான் துபாய்ல இருந்தேன். ஷேக் சாயித் ரோடு பக்கம் இருக்குற டவர்களுக்கு வெளிப்பக்கக் கண்ணாடி தொடைக்கிற வேலை, அல் கூஸ்ல கேம்ப், ஒரு ரூமுக்கு எட்டு பேரு. சில பில்டிங்ல கிரேடில்னு மேல இருந்து தொங்குற தொட்டில நின்னு தொடைக்கணும், சிலதுல கயித்துல தொங்கித்தான் தொடைக்கணும், நான் ரெண்டும் பண்ணுவேன். அந்த மாசம்தான் மிஷன் இம்பாசிபிள் கோஸ்ட் புரோட்டோகால் படத்துக்கு புர்ஜ் கலீஃபாவுல ஷூட்டிங் நடந்துச்சு. அந்த பில்டிங்கு தொறந்தே அப்ப பதினோரு மாசம்கூட ஆகல, ஜனவரி 4ம் தேதிதான் தொறந்தாங்க.

எங்களுக்கு மொதல்ல தெரிஞ்சது ஹெலிகாப்டர்தான். அன்னிக்கு எதிர்ல கொஞ்சம் தள்ளி இருக்குற ஒரு டவர் மொட்டமாடில கயிறு கட்டிட்டு இருந்தோம், அது சுத்திச் சுத்தி வருது, போகவே மாட்டேங்குது. எங்க ஃபோர்மேன் பாலக்காட்டுக்காரரு, அவருதான் கையக் காட்டி அங்க பாருங்கடான்னாரு. என் கண்ணுக்கு ஆளு தெரியல, ஓட்டதான் தெரிஞ்சுது. பளபளன்னு வெயில்ல மின்னுற அந்தச் செவுத்துல ரொம்ப ஒசரத்துல கொஞ்ச எடம் மட்டும் கறுப்பா இருக்கு, கண்ணாடியக் கழட்டியிருக்காங்க. கண்ணாடி தொடைக்கிறவனுக்கு அதுதான மொதல்ல கண்ணுல படும். அப்பறம் ரூம்மேட் ஒருத்தன் சின்ன கேமராவுல ஜூம் பண்ணி, டேய் ஒருத்தன் வெளிய நிக்கிறாண்டான்னு கத்துனான். அவ்ளோ தூரத்துல மூஞ்சியெல்லாம் தெரியாது, செவுத்துல எறும்பு மாதிரி ஒரு புள்ளி, அது கொஞ்சம் மேல போகுது, நிக்குது, திரும்ப உள்ள போயிடுது. டூப்பா இருக்கும்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம், டாம் குரூஸே தொங்குறாருன்னு சாயங்காலம் கேம்ப்ல சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. ரெண்டு மூணு நாள்ல போட்டோவே வந்துருச்சு, அவரேதான்.

அந்தப் புள்ளிய மத்தவங்க பாத்ததுக்கும் நாங்க பாத்ததுக்கும் வித்தியாசம் இருக்கு. கீழ ரோட்டுல நின்னவங்க ஆளப் பாத்தாங்க, நாங்க அவரு எதுல மாட்டியிருக்காருன்னு பாத்தோம். எங்க வேலைல மொத நாள் சொல்லித் தர்றதே ரெண்டு கயிறு. ஒன்னு நம்ம வெயிட்ட தாங்குற வேலைக் கயிறு, இன்னொன்னு அது அறுந்தா புடிக்கிறதுக்கு, ரெண்டும் வேற வேற எடத்துல கட்டியிருக்கணும், ஒரே ஆங்கர்ல, அதாவது கயித்த மாட்டுற கொக்கில, ரெண்டையும் கட்டுனா ரெண்டு கயிறு இருந்தும் ஒரு கயிறுதான். கயிறு வளையுற முனையில பேடு வைக்கணும், இல்லன்னா கண்ணாடி ஃபிரேமோட விளிம்பு கத்தி மாதிரி அறுத்துரும். அதனால அன்னிக்கு மதியம் சோறு திங்கிறப்பல்லாம் எங்க பேச்சு ஆங்கர் எங்க அடிச்சிருப்பாங்கங்கிறதுதான், புது பில்டிங்ல ஓட்டை போட விட்டிருப்பாங்களான்னு பெரிய விவாதம். உள்ள தளத்துலயும் செவுத்துலயும் ஓட்டை போட்டுத்தான் ஒயர் கட்டியிருக்காங்கன்னு ரொம்ப நாள் கழிச்சு மேக்கிங் வீடியோவுல பாத்துத் தெரிஞ்சுகிட்டேன். அந்த வீடியோவ எத்தன தடவ நிறுத்தி நிறுத்திப் பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல.

அதுல கிரெக் ஸ்மர்ஸ்னு ஸ்டன்ட் கோஆர்டினேட்டர் பேசுவாரு, அவரு பேசப் பேச எனக்கு நம்ம சேஃப்டி மீட்டிங்ல உக்காந்த மாதிரியே இருந்துச்சு. துபாய் வர்றதுக்கு முன்னாடியே பிராக்ல செட்டுக்குள்ள அதே மாதிரி கண்ணாடிச் செவுரு ஒன்னு கட்டி அதுல ஏறி ஏறிப் பழகியிருக்காங்க. வெறும் செவுரு மட்டும் இல்ல, பெரிய லைட் போட்டு அந்தக் கண்ணாடிய சூடாக்கியிருக்காங்க, ஏன்னா துபாய் வெயில்ல கண்ணாடி எப்படிக் கொதிக்கும்னு கை வச்சுப் பழகணும்ல. இதக் கேட்டப்ப எனக்கு உண்மையிலயே மனசு நெறஞ்சு போச்சு. நவம்பர்ல துபாய் குளுருன்னு நெனைப்பாங்க, மேற்குப் பக்கம் பாத்த கண்ணாடில மதியத்துக்கு மேல கை வச்சுப் பாருங்க, ஆடி மாசத்துல தார் ரோட்டுல செருப்பில்லாம நடக்குற மாதிரிதான். எங்க கையில அந்தத் தழும்பு இருக்கு. அத ஒருத்தரு முன்னாடியே யோசிச்சுப் பயிற்சில சேத்துருக்காரு பாருங்க.

இன்னொன்னு ஹார்னஸ், அதாவது கயித்துல மாட்டுறதுக்கு ஒடம்புல கட்டுற பெல்ட், அந்தச் சமாச்சாரம். படத்துல டிரெஸ்ஸுக்குள்ள தெரியாம இருக்கணும்னு இறுக்கிக் கட்டியிருக்காங்க, அதுல காலுக்கு ரத்தம் சரியாப் போகாதாம், அதனால ஒவ்வொரு டேக்கையும் சீக்கிரம் முடிச்சு உள்ள இழுக்க வேண்டியிருந்துச்சாம். இது எவ்ளோ பெரிய விஷயம்னு தொங்குனவனுக்குத்தான் தெரியும். 2009ல ஒரு பில்டிங்ல, பேரு வேணாம், நான் எறங்கிட்டிருக்கும்போது கயித்துல கருவி சிக்கி பாதி வழில நின்னுட்டேன். மேல இருந்து ஆளு வந்து எடுத்து விடுறதுக்கு இருவது நிமிஷம் ஆச்சு. மொத அஞ்சு நிமிஷம் கால் மதமதங்கும், அப்பறம் கால் இருக்கா இல்லயான்னே தெரியாது, தல கிறுகிறுன்னு வரும். சும்மா தொங்குனாலே இது, நான் கால ஆட்டிக்கிட்டே இருந்ததாலதான் தப்பிச்சேன். இவரு அதே நெலமைல கண்ணாடிய எத்தி எத்தி ஓடியிருக்காரு, வசனமும் பேசியிருக்காரு, அதும் அப்ப அவருக்கு வயசு 48.

கேமராவுக்கு நின்ன ஆளுங்களையும் யாரும் பேச மாட்டேங்குறாங்க. அந்தக் காட்சிய ஐமேக்ஸ் ஃபிலிம் கேமராவுல எடுத்தாங்க, ராபர்ட் எல்ஸ்விட் ஒளிப்பதிவு. அது தூக்குறதுக்கே கனமான கேமரா, ஒரு ரோல் சில நிமிஷத்துல ஓடி முடிஞ்சிரும், உடனே மாத்தணும், கழட்டுன ஜன்னல் வழியா கிரேன் கைய வெளிய நீட்டி அதுல கேமராவ வச்சு எடுத்திருக்காங்க. வெளிய ஒரு ஸ்குரூ விழுந்தாலே கீழ இருக்குறவன் உசுருக்கு ஆபத்து, நாங்க தண்ணி வழிக்கிற ஸ்குவீஜி கட்டையக் கூட மணிக்கட்டுல கட்டித்தான் வச்சுக்குவோம், அப்ப அந்தக் கேமராவுக்கு எத்தன கட்டு போட்டிருப்பாங்க. டைரக்டர் பிராட் பேர்டு அதுவரைக்கும் அனிமேஷன் படம் எடுத்தவரு, நெஜ மனுஷங்கள வச்சு எடுத்த மொத படமே இதுதான்.

புர்ஜ் கலீஃபாவுலயே கண்ணாடி தொடைக்கிற ஆளுங்க தனி டீம், நான் அதுல இல்ல. 24,348 ஜன்னல், மொத்தமா ஒரு சுத்து தொடைச்சு முடிக்க 36 பேருக்கு மூணு நாலு மாசம் ஆகும். 40, 73, 109 இந்த மூணு மாடிலயும் வெளிப்பக்கம் தண்டவாளம் மாதிரி போட்டு மெஷின் ஓடும், உச்சிக்கூம்புக்குப் போனா அங்க கயித்து ஆளுங்கதான். 828 மீட்டர். அந்த உச்சில டாம் குரூஸ் போயி உக்காந்து எடுத்த போட்டோ வந்தப்ப கேம்ப் பூரா அதுதான் பேச்சு, ஆனா எங்க ரூம்ல ஒரு ஒரிசாக்காரப் பையன் மட்டும், அங்க மாசா மாசம் போற ஆளுங்க போட்டோ எங்கன்னு கேட்டான். நல்ல கேள்வி, எனக்கு அது இன்னிக்கும் மனசுல இருக்கு.

2011 டிசம்பர்ல படம் வந்துச்சு, 7ம் தேதி துபாய் ஃபிலிம் ஃபெஸ்டிவல்லதான் மொதல்ல போட்டாங்க. நாங்க ரிலீஸ் ஆகி மொத வெள்ளிக்கிழமை லீவுக்கு ஆறு பேரு போனோம். அவரு ஜன்னலுக்கு வெளிய கால் வைக்கிற எடம், கேமரா அவரு தோளுக்கு மேல போயி அப்படியே கீழ பாக்கும் பாருங்க, தியேட்டர்ல எல்லாரும் மூச்ச இழுத்தாங்க. நான் தெனமும் பாக்குற கீழ்தான் அது, அந்த ரோடு, அந்த ஃபவுன்டன் தண்ணி, எல்லாம் தெரியும், இருந்தும் எனக்கும் வயித்துல என்னமோ பண்ணுச்சு. வேலைல நாங்க கீழயே பாக்க மாட்டோம், கண்ணாடியத்தான் பாப்போம், அதனால இருக்கலாம். அப்பறம் திரும்பி வர்றப்ப கயிறு நீளம் பத்தாம நிப்பாரே, அங்க என் பக்கத்துல உக்காந்திருந்த பையன் சீட்டுக் கைப்பிடிய அப்படிப் புடிச்சான், கயிறு பத்தாமப் போறது எங்களுக்கு சினிமா இல்ல.

ஊர்ல அம்மாவுக்கு நான் துபாய்ல கிளீனிங் வேலைன்னு மட்டும்தான் தெரியும். ஆபீஸ் தொடைக்கிறேன்னு நெனச்சுகிட்டு இருந்துச்சு, நானும் சொல்லல. கொஞ்ச வருஷம் கழிச்சு டிவில இந்தப் படத்த தமிழ் டப்பிங்ல போட்டிருக்கான், அக்கா பையன் ஆச்சி, மாமா வேலையும் இதுதான்னு சொல்லிட்டான். அன்னிக்கு ராத்திரியே போன்.

"ஏண்டா, அந்த மனுசன் கயிறே இல்லாமத் தொங்குறாரே, நீயும் அப்படித்தானா?"

"இல்லம்மா, அவருக்கும் கயிறு இருக்கு. கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டாங்க, படத்துல தெரியக் கூடாதுன்னு."

கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல.

"உனக்கு எத்தன?"

"ரெண்டும்மா."

"ரெண்டையும் பாத்துக் கட்டுறியா?"

"பாத்துத்தான் கட்டுறேன், இன்னொருத்தரு வந்து திரும்ப இழுத்துப் பாத்துட்டுத்தான் எறங்க விடுவாங்க."

அவரு பேரக் கேட்டுச்சு. அந்த ஃபோர்மேன் பேரச் சொன்னேன். மறுநாள் ஊர் அம்மன் கோயில்ல என் பேருக்கும் அவரு பேருக்கும் சேத்து அர்ச்சனை பண்ணிருக்கு.